பத்து கிலோமீட்டர்தான் கூடுதல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு ஊர் மதுரை. வேலை அஸ்ஸாமில், திப்ருகர் பக்கம். "ரொம்ப தூரமோ?" என்று கேட்காத ஆளில்லை. நாம்தான் என்ஜினீயர் ஆயிற்றே, கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன்.

மதுரை விமான நிலையம் வடக்கே 9.83 பாகை, கிழக்கே 78.09 பாகை. திப்ருகர் 27.48, 95.02. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக வராது. பூமி உருண்டை, அதன் மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில். கோளத் திரிகோணமிதிப்படி போட்டால் சுமார் 2,645 கி.மீ. வருகிறது. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. சொச்சம் பறக்கும். ஏற, இறங்க அரை மணி சேர்த்தாலும் நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

நான் ஒரு தடவைகூட நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. சென்னையிலும் கொல்கத்தாவிலும் மாறித்தான் போயிருக்கிறேன். "அதுதான் சுற்று" என்பீர்கள். அதையும் பார்த்துவிடுவோம். மதுரை - சென்னை 418, சென்னை - கொல்கத்தா 1,385, கொல்கத்தா - திப்ருகர் 852. கூட்டினால் 2,655! பத்து கி.மீ.தான் கூடுதல். நடுவில் உள்ள இரண்டு ஊருமே ஏறக்குறைய நேர்வழியிலேயே இருக்கின்றன. ஆகவே சுற்று தூரத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய விவேக் எக்ஸ்பிரஸ் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வர மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. அதோடு பார்த்தால் விமானம் தேவலைதான். ஆனால் அவசரத்துக்கு அது போதாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம், அப்பா தவறிய சேதி ராத்திரி வந்தது. "சாயங்காலத்துக்குள் வந்துடுவேன்டா, எடுத்துடாதீங்க" என்று தம்பியிடம் சொன்னேன். அவசரத்தில் மூன்று விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட். காலையில் திப்ருகரில் பனிமூட்டம். முதல் விமானம் தாமதமானது; கொல்கத்தாவில் அடுத்தது போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் மாற்று இடமும் கிடைக்கவில்லை. மறுநாள் வீட்டுக்குள் நுழையும்போது எல்லாம் முடிந்திருந்தது. மூத்தவன் நானிருக்க, தம்பிதான் கொள்ளி வைத்தான். அவனைக் குறை சொல்ல முடியுமா? தப்பு என் கணக்கில். தூரத்தை வேகத்தால் வகுத்தவன், காத்திருப்பைக் கூட்டவில்லை.

தம்பி தங்கைகளே, நீங்களும் தூர தேசம் போவீர்கள். போங்கள், பயம் வேண்டாம். ஆனால் கிலோமீட்டரை எண்ணாதீர்கள்; வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மணியை எண்ணுங்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். நடுவில் ஒன்று தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகும். பனிக்காலத்தில் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். முக்கியமாக, உடம்பு முடியாத பெற்றோர் இருந்தால் சேதி வரும்வரை காத்திராதீர்கள். முன்னாடியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.