கத்தி பிடிக்கும் கைக்கு யார் பொறுப்பு?

(சங்கத்தின் தொழிலாளர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று தேர்தலைப் பற்றிப் பேசப்போவதில்லை. கோழிக்கடையைப் பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்காதீர்கள். இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் எத்தனை வீட்டு உலை கறிக்கட்டையை நம்பிக் கொதிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்த காலத்தில் அதன் தோலை நம்பித் தாராவியில் பதனிடும் தொட்டிகள் எழுந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் அந்தத் தொட்டிகளில் நின்றார்கள். 1971-இல் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்குப் போயிற்று. தொட்டிகளும் பிறகு போயின. இன்று சந்துக்குச் சந்து கோழிக்கடை. ஓட்டல்களுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும் சின்னக் கொட்டகைகள் வேறு. மூன்று பேர், ஐந்து பேர், மிஞ்சினால் எட்டுப் பேர் வேலை செய்கிற இடங்கள்.

அப்படி ஒரு கொட்டகைக்குச் சென்ற மழைக்காலத்தில் நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் வேலைக்கு வந்தான். பதினோராம் நாள் கத்தி வழுக்கி, இடது பெருவிரலின் தசைநார் அறுந்தது. கடைக்காரரும் நம்மவர்தான். நாங்கள் போய் விசாரித்தோம். "அண்ணாச்சி, பையனுக்கு யார் வேலை சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டோம். "சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு? பாத்துப் பழக வேண்டியதுதான். நான் கோழியை வெட்டச் சொன்னேன், கையையா வெட்டச் சொன்னேன்?" என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். முதல் ஆஸ்பத்திரிச் செலவை அவரே கொடுத்தார். ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்தப் பையனுக்கு இன்று பெருவிரல் மடங்கவில்லை. ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பத்தொன்பது வயது.

சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, தோழர்களே. அன்று அவன் கையில் இருந்தது மழுங்கிய கத்தி. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்த வேண்டியிருப்பதால் அது நழுவும்போது வேகமாக நழுவும். அந்தக் கொட்டகையில் சாணை பிடிப்பது வாரத்துக்கு ஒருமுறை. கத்தி கையிலிருந்து விழுந்தால் பிடிக்கப் போகாதே, காலை விலக்கிக்கொண்டு விழவிடு என்பது முதல் பாடம். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கட்டையில் வை, அடுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்பது இரண்டாவது. கத்தி பிடிக்காத கைக்குத்தான் கம்பி வலைக் கையுறை வேண்டும் என்பதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்பட்டார்கள். இறகு தளர்த்தும் அண்டாவில் நீர் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. 60 டிகிரிச் சூடு போதும். அந்தச் சூடே மனிதத் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும். இவையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் சொல்லித் தரக்கூடியவை. அந்த ஒரு மாலைதான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. 2017 முதல், 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்ற ஏற்பாடும் வந்தது. நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டம் யாரைக் காக்க எழுதப்பட்டது? சாப்பிடுகிறவரை. நம் உடம்பிலிருந்து நோய் கறிக்குப் போகக்கூடாது என்பது அதன் கவலை. கறியிலிருந்து நமக்கு வரும் நோயைப் பற்றிக் கேட்பார் இல்லை. ஆடு அறுப்பவருக்குப் புரூசெல்லா என்ற கிருமி தொற்றலாம். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும், மூட்டு வலிக்கும், இரவில் வேர்த்துக் கொட்டும். டாக்டர் மலேரியா என்பார், டைபாய்டு என்பார். தாய்மார்களே, வீட்டுக்காரரை டாக்டரிடம் அழைத்துப் போனால் "இவர் கறிக்கடையில் வேலை செய்கிறார்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மாதக்கணக்கான மாத்திரையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று, பூட்டு. 1991 செப்டம்பர் 3-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற சிற்றூரில் ஒரு கோழி பதனிடும் ஆலை தீப்பற்றியது. கோழி திருட்டுப்போகும் என்று கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 25 பேர் செத்தார்கள். பதினோரு ஆண்டுகள் நடந்த அந்த ஆலைக்குள் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி ஒருவர்கூடக் காலெடுத்து வைத்ததில்லை. முதலாளி சிறைக்குப் போனார். போன உயிர் திரும்பவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2017 டிசம்பர் 18 அதிகாலையில் இதே மும்பையின் சாக்கிநாக்காவில் ஒரு பலகாரக் கடை எரிந்து 12 தொழிலாளர் மாண்டார்கள். கடையிலேயே படுத்துறங்கியவர்கள். நம் கொட்டகைகளிலும் பையன்கள் உள்ளேதான் படுக்கிறார்கள். வெளியே ஷட்டரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகும் அண்ணாச்சிமார்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும். இன்றிரவே சாவி உள்ளே இருப்பவனிடம் இருக்கட்டும்.

இழப்பீடு பற்றி ஒரு சொல். வேலையில் அடிபட்டவன் முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் கொள்கை. ஆனால் அங்கே வேலை செய்தான் என்பதையாவது நிரூபிக்க வேண்டாமா? நம் பையனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் ஈ.எஸ்.ஐ.-யில் சேரலாம் என்று அதில் இருக்கிறது. கணக்குப் பாருங்கள்: 2019 முதல் உள்ள விகிதப்படி முதலாளி நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75. மாதம் 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கடைக்காரர் பங்கு 390 ரூபாய், பையன் பங்கு 90 ரூபாய். அந்த அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் கொடுத்தது இதைப்போல் எத்தனை மடங்கு! பழகாத புதுப் பையன் வெட்டிய துண்டு சரியில்லையென்று ஓட்டல்காரர் ஆர்டரை நிறுத்தியது தனி நஷ்டம்.

கடைக்காரரும் நம்மவர், கத்தி பிடிப்பவரும் நம்மவர் என்பதால்தான் இத்தனை நாள் வாய் திறக்கக் கூசினோம். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தது யாருடைய விரல்?

செயற்குழு இரண்டு முடிவு எடுத்திருக்கிறது. சங்கத்து உறுப்பினர் நடத்தும் கடைகளில் சேரும் ஒவ்வொருவருக்கும் பெயர், சேர்ந்த நாள், சம்பளம் எழுதிய சீட்டு ஒன்றைக் கடைக்காரர் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். கொடுக்காத கடைக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்துவிட யாரும் போகக்கூடாது. இரண்டாவது, பழகிய கைகளைக் கொண்டு புதுப் பையன்களுக்குப் பயிற்சி. ஞாயிறன்று வியாபாரம் நெரியும் என்று தெரியும். ஆகவே செவ்வாய் மாலை ஏழு மணிக்கு, இதே மண்டபத்தில். அவரவர் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். சாணைக்கல் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.