கிணற்றடியில் கிடைத்த அருள்

சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது காணிப்பாக்கம். திருப்பதி யாத்திரை போகிறவர்கள் பலர் வழியில் இறங்கிக் கும்பிடும் பிள்ளையார் கோயில்.

தலவரலாறு இது: அண்ணன் தம்பி மூன்று பேர். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. காணி நிலம்தான் சோறு போட்டது. கிணறு வற்றியதும் ஆழப்படுத்த இறங்கினார்கள். மண்வெட்டி கல்லில் பட, ரத்தம் பீறிட்டதாம். பிள்ளையார் வெளிப்பட்டார், மூவர் குறையும் தீர்ந்தது. இன்றும் மூலவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் இருக்கிறார்.

அந்த மூவரும் வரம் கேட்டுப் போகவில்லை. வயிற்றுப்பாட்டுக்குத் தண்ணீர் தேடினார்கள். ஒருவர் குறையை இன்னொருவர் ஈடுகட்டி உழைத்தார்களே, அருள் அப்போதே வந்துவிட்டது. நம் வீட்டில் யார் பாரத்தை யார் தாங்குகிறார்கள் என்று இன்று கொஞ்சம் கவனியுங்கள்.