மருந்துப் பை தோளில் இருக்கட்டும்



கடன், தொழில், சேமிப்பு பற்றி இங்கே நிறையப் பேர் பேசினார்கள். நான் பேச வந்தது வேறு. சுகர் இருக்கிற பெண் விமானத்தில் போகும்போது மருந்தை எப்படிக் கொண்டுபோவது என்பது பற்றி. "நமக்கெதுக்கும்மா விமானக் கதை?" என்று நினைக்காதீர்கள். மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போனவர்கள், மகனைப் பார்க்க துபாய் போனவர்கள், கண்காட்சியில் கடை போட டெல்லி போனவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் சுகர் மாத்திரை போடுகிறவர்கள்.

எனக்குச் சுகர் வந்து 11 வருஷம். 4 வருஷமாக இன்சுலின் போடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

முதல் விஷயம். மருந்து எதுவும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. மாத்திரை, இன்சுலின், ஊசி, சுகர் பார்க்கும் மிஷின், அதன் பட்டி, எல்லாம் நம் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும். காரணம் இரண்டு. விமானத்தின் அடியில் பெட்டி வைக்கும் இடத்தில் குளிர் அதிகமாகலாம். இன்சுலின் உறைந்துவிட்டால், பிறகு இளகினாலும் உபயோகப்படாது. இரண்டாவது, பெட்டி நம்மோடு வந்து சேரும் என்று உறுதி இல்லை. நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனபோது என் பெட்டி மறுநாளும் வரவில்லை, மூன்றாம் நாள்தான் வந்தது. புடவை, முறுக்கு, பருப்புப்பொடி எல்லாம் அதில்தான். மகள் புடவையைக் கட்டிக்கொண்டேன், முறுக்கு இல்லாமல் இருந்தேன். இன்சுலின் தோள்பையில் இருந்ததால் ஒரு வேளைகூடத் தவறவில்லை. எத்தனை நாள் பயணமோ, அதைப்போல் இரண்டு பங்கு மருந்து எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, சீட்டு. ஊசி வைத்திருந்தால் சோதனையில் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. "சுகர் ஊசி, டாக்டர் சீட்டு இருக்கு" என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் தண்ணீர், எண்ணெய் எதுவும் விடமாட்டார்கள். மருந்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்குச் சீட்டு வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு அளவு என்று ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் குழுப் பெண்களே வீடு தேடி மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வெட்டிய பட்டையாகவோ காகிதக் கவரில் போட்டதாகவோ இருந்தால், அது என்ன மாத்திரை என்று வேறு நாட்டு அதிகாரிக்குத் தெரியாது. பயணத்துக்குப் பெயர் அச்சிட்ட முழுப் பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் நாட்களுக்கு மாத்திரை வேண்டுமென்று ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள்.

அமீரகம் போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். சுகரால் கால் எரிகிறது என்று பிரகாபலின் மாத்திரை பலருக்குத் தருகிறார்கள். அங்கே அது கட்டுப்பாடு உள்ள மருந்து. முன்அனுமதி வாங்காமல் எடுத்துப் போகாதீர்கள். மகனிடமோ மகளிடமோ மாத்திரையின் படத்தை அனுப்பி, அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சூடு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்து உபயோகிக்கும் பேனா, பெரும்பாலான வகைகள், வெயில் படாமல் 30 டிகிரிக்குள் இருந்தால் 4 வாரம் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் வைக்கிறோமே, அதே கணக்குத்தான். நாலு மணி நேர விமானத்துக்குத் திறந்த பேனாவுக்கு ஐஸ் தேவையில்லை. திறக்காததை ஐஸ் பையோடு வைத்தால் நடுவில் துணி சுற்றுங்கள், நேரே படக் கூடாது. போட்ட ஊசியைப் பேனாவிலிருந்து கழற்றி, கெட்டியான டப்பாவில் போட்டு மூடுங்கள். இருக்கைப் பையில் செருகினால் துப்புரவு செய்கிற பெண்ணின் கையில் குத்தும்.

நான்காவதுதான் நான் பேச ஒப்புக்கொண்டதற்கே காரணம். அன்று எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு விமானம் கிளம்ப 2 மணி நேரம் தாமதம். பக்கத்தில் என்னைவிட மூத்த அம்மா ஒருவர். திடீரென்று வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. "சுகரா அம்மா?" என்றேன். தலையாட்டினார். புது ஊசியால் குத்திப் பார்த்தேன், 54. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. பணிப்பெண்ணிடம் தண்ணீர் வாங்கி, என் பையிலிருந்த குளுக்கோஸ் மூன்று ஸ்பூன் கலந்து கொடுத்தேன். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 82. பிறகு பிஸ்கட் சாப்பிட்டார். அவருக்கு நினைவு இருந்ததால் கொடுத்தேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே பணியாளரைக் கூப்பிட வேண்டும்.

பிறகுதான் சொன்னார். "பிளேன்ல சாப்பாடு குடுப்பாங்கன்னு வீட்டுலயே ஊசி போட்டுட்டு வந்துட்டேன். மிஷினு, சக்கரை எல்லாம் கீழே பெட்டியில. பக்கத்துல ஆம்பளை உக்காந்திருக்காரு, யார்கிட்ட என்னன்னு சொல்றது?" மருமகளுக்கும் அவருக்கு ஊசி போடுவது தெரியாதாம்.

சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, சாப்பாடு கண் முன்னே வந்த பிறகு போடுங்கள். குளுக்கோஸ், பிஸ்கட், கடலைமிட்டாய் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி, துபாய் ஒன்றரை மணி பிந்தி. அமெரிக்கா என்றால் பகல் இரவாகிவிடும். ஊசி நேரத்தை நாமாக மாற்றாமல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அந்த அம்மாவின் உயிருக்கு வந்த ஆபத்தில் பாதி வாய்விட்டுச் சொல்லாததால் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் பெட்டி கட்டுகிறோம். நம் மருந்தைக் கடைசியில், கிடைத்த இடத்தில் செருகுகிறோம். சுகர் இருப்பதை மறைக்கிறோம். குழுவில் ஒருவர் கடன் நிலுவை இன்னொருவருக்குத் தெரியும், அவர் உடம்பு தெரியாது.

அதனால் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். உறுப்பினர் ஊருக்குப் போகும் முன் மருத்துவர் சீட்டு வாங்க, ஆங்கிலம் தெரிந்த ஓர் உறுப்பினர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போக வேண்டும். கூடுதல் மருந்து வாங்கப் பணம் போதாவிட்டால் உள்கடன் தர வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் நோய், மருந்துப் பெயர்களை எழுதி ஊக்குநரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இந்த மூன்றையும் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.