மனச்சோர்வும் மரபணுவின் மேற்குறிகளும்

மரபணுவின் எழுத்து வரிசை சிறிதும் மாறாமல், அது செயல்படும் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வல்ல வேதிக் குறிகளை ஆராயும் துறை மேல்மரபியல் எனப்படுகிறது. இக்குறிகளுள் முதன்மையானது, டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொண்டு மரபணுவின் செயலைப் பெரும்பாலும் தணிக்கும் மெத்தில் தொகுதியாகும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் ஆகியோரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் குறைவாக நக்கிப் பேணிய எலிக்குட்டிகளின் மூளையில், நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில், மன அழுத்த ஹார்மோனை உணர்ந்து அதன் சுரப்பைக் கட்டுப்படுத்த உதவும் ஏற்பி என்னும் புரதத்துக்கான மரபணுவின் மீது இக்குறிகள் மிகுந்திருந்தமையும், அதனால் அக்குட்டிகள் வளர்ந்த பின்னும் அழுத்தத்துக்கு மிகையாக ஆட்பட்டமையும் புலப்பட்டன. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தற்கொலையால் இறந்தோரின் மூளையிலும் இத்தகைய மாற்றம் இருந்ததை அக்குழுவினர் 2009-இல் கண்டறிந்தனர்.

அழுத்தத்துக்கு இவ்வாறு மிகையாக ஆட்படுவது மனச்சோர்வுக்கு வழிவகுக்கக்கூடும்; ஆயினும் அதற்கு இம்மாற்றம் ஒன்றே காரணம் அன்று. பரம்பரையும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. எனினும், நன்கு பேணும் தாயிடம் மாற்றி வளர்க்கப்பட்ட குட்டிகளில் இக்குறிகள் குறைந்திருந்தன என்பதால், பிள்ளைப் பருவத்துப் பராமரிப்பு உடலுக்குள்ளேயே பதிகிறது என்பதும், மனச்சோர்வுற்றோரை மனவலிமை அற்றோர் எனப் பழிப்பது அறிவியலுக்கும் அறத்திற்கும் ஒவ்வாது என்பதும் தெளிவாகின்றன.