கொழுப்பைக் குறைக்கும் குளிகைகள்: டாக்டரிடம் மறைக்கலாமா?



மலேசியாவில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பு அதிகம். 2023ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு தந்த கணக்கு இது. ஆகவே இன்று பேசப்படும் விஷயம் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் உரியது.

பல வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியைப் பார்ப்போம். குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பத்தைந்து. அரசாங்க கிளினிக்கில் இரத்தம் சோதித்ததில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு 4.8 இருக்கிறது. டாக்டர் இரவில் ஒரு மாத்திரை போடச் சொல்கிறார். ஒரு மாதம் கழித்துக் கால் வலிக்கிறது. அந்த நேரம் பார்த்து நேரடி விற்பனை செய்யும் பக்கத்து வீட்டு அம்மா வருகிறார். “அண்ணே, அந்த மருந்து கல்லீரலைக் கெடுத்துடும். இதைச் சாப்பிடுங்க, எல்லாம் மூலிகை” என்கிறார். ஒரு டப்பா நூறு வெள்ளிக்கு மேல். கிளினிக் மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது.

அடுத்த முறை கிளினிக்கில், “மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று டாக்டர் கேட்கிறார். தலை ஆடுகிறது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் எண் இறங்கவில்லை. மாத்திரை போதவில்லை என்று எண்ணும் டாக்டர், அளவைக் கூட்டி எழுதிக் கொடுக்கிறார். சாப்பிடாத மருந்துக்கு அளவு கூடுகிறது! ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூலிகையே வேண்டாம் என்று சொல்வது இந்த உரையின் நோக்கமன்று. எது எவ்வளவு குறைக்கும் என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதலில் சமையலறையைப் பார்ப்போம். ஓட்ஸ், பார்லி, வெந்தயம், இசப்கோல் ஆகியவற்றில் நீரில் கரையும் நார்ச்சத்து உண்டு. இது குடலில் பசை போலாகிப் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தநீர் தயாரிக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை இழுத்துக் கொள்கிறது. ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் சேர்ந்தால், அல்லது இசப்கோல் 10 கிராம் அளவில் எடுத்தால், கெட்ட கொழுப்பு ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை குறையலாம். இசப்கோலை நிறையத் தண்ணீருடன் குடிக்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி நல்லது. வெந்தயம் சர்க்கரையையும் இறக்கும் என்பதால் இனிப்புநீர் மருந்து சாப்பிடுவோர் கவனமாக இருக்க வேண்டும்.

பூண்டு எப்படி? 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 192 பேரிடம் ஆய்வு நடத்தியது. பச்சைப் பூண்டும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன. கெட்ட கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ரசத்தில் பூண்டு போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். அதை மருந்தென்று நம்பி மருந்தை நிறுத்தவும் வேண்டாம். ஆயுர்வேதத்தில் புகழ்பெற்ற குக்குலுவை 2003இல் பென்சில்வேனியாவில் சோதித்தபோது, கெட்ட கொழுப்பு இறங்குவதற்குப் பதிலாகச் சற்று ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. மீன் எண்ணெய் டிரைகிளிசரைடு என்ற வேறு கொழுப்பைத்தான் குறைக்கும்.

2022இல் வெளியான மற்றோர் ஆய்வு பலரை வியக்க வைத்தது. மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறையும் 28 நாட்கள் ரோசுவஸ்டாட்டின் என்ற மாத்திரையின் 5 மில்லிகிராம் அளவோடு ஒப்பிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சுமார் 38 விழுக்காடு குறைந்தது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையை விட மேலானவையாகத் தெரியவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்து நிறுவனம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாவர ஸ்டெராலை உணவோடு தினம் 2 கிராம் எடுத்தால் எட்டு முதல் பத்து விழுக்காடு குறையும் என்று வேறு பல ஆய்வுகள் கூறுகின்றன.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.8இல் பத்து விழுக்காடு குறைந்தால் 4.3. 38 விழுக்காடு குறைந்தால் சுமார் 3. ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கோ 1.4க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் இலக்கு. ஓட்ஸ் கஞ்சி மட்டும் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கும்?

“அப்படியானால் சிவப்பு ஈஸ்ட் அரிசி சாப்பிட்டுப் பலருக்குக் குறைந்திருக்கிறதே?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீனர்கள் ‘அங்காக்’ என்று சொல்லிச் சமையலில் சேர்க்கும் சிவப்பு அரிசி இது. அரிசியில் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1979இல் இந்தப் பூஞ்சை இனத்திலிருந்து மொனகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவஸ்டாட்டினும் அதே பொருள்தான். அதாவது, “இங்கிலீஷ் மருந்து வேண்டாம்” என்று சிவப்பு அரிசிக் குளிகைக்கு மாறியவர், அதே குடும்பத்து மருந்தைத்தான் விழுங்குகிறார்! தசை வலியும் கல்லீரல் பாதிப்பும் அதிலும் வரலாம்.

வேறுபாடு என்ன? மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். குளிகையில் தெரியாது. 2017இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற 28 வகைக் குளிகைகளைச் சோதித்தபோது இரண்டில் மொனகோலின் இல்லவே இல்லை. மற்றவற்றில் அதன் அளவு 60 மடங்குக்கும் மேல் வேறுபட்டது. சரியாகத் தயாரிக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நச்சும் அதில் சேரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், ஒரு நாளைக்கு உட்கொள்ளும் மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகை சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகக் கோளாறுடன் மருத்துவமனையில் சேர்ந்தனர். தயாரிப்பின்போது வேறொரு பூஞ்சை கலந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது.

மலேசியாவில் வாங்குவோர் டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த எண், குளிகை கொழுப்பைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. சிங்கப்பூரில் ஊட்டச்சத்துக் குளிகைகள் விற்பனைக்கு வருமுன் அதிகாரிகளின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மீண்டும் அந்தக் குடும்பத் தலைவரிடம் வருவோம். கூட்டி எழுதிய மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் பயந்துபோய் அதையும் போட்டு, சிவப்பு அரிசிக் குளிகையையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும்? ஒரே வகை மருந்து இரட்டிப்பாகும்; தசையும் கல்லீரலும் தாங்க வேண்டிவரும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் சாப்பிடுபவராக இருந்தால், பூண்டு மாத்திரைகூட இரத்தக் கசிவுக்கு வழி செய்யலாம்.

இதையெல்லாம் தடுக்க அவர் செய்ய வேண்டியது சிறிய காரியம். டப்பாவைப் பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். “டாக்டர், கால் வலித்தது, மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிட்டேன்” என்று சொல்ல வேண்டும். டாக்டர் கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை. வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்று சோதிக்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். இத்தனை வழிகளும் உண்மை தெரிந்தால்தான் திறக்கும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு மருந்தோடு சேர்த்துக் கட்டணம் ஒரு வெள்ளி. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மாலையில் அரை மணி நேர நடை, இரவில் டாக்டர் கொடுத்த மாத்திரை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டப்பா இருந்தால், அடுத்த பரிசோதனை நாளில் அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.