குஞ்சுகளுக்கு நோய் வராமல் காப்போம்



இன்று உங்கள் கைக்கு வரும் குஞ்சுகள் நாளை பிள்ளைகளுக்கு முட்டையும் வீட்டுக்குக் கைக்காசும் தரும். குஞ்சுகள் கூடுதலாகச் சாவது முதல் இரண்டு கிழமைகளில்தான். குளிர், ஈரம், அழுக்குத் தண்ணீர் ஆகிய மூன்றுமே முக்கிய காரணங்கள்.

குஞ்சுகள் வந்ததும் முதலில் கொதித்தாறிய தண்ணீர் வையுங்கள். பிறகு தீன் போடுங்கள். இரவும் பகலும் சூடு வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் அரிக்கன் லாம்பு வைக்கலாம். ஆனால் தறப்பாளிலும் உமியிலும் தீப்பிடிக்காதபடி லாம்பைச் சுற்றிக் கம்பிவலை அடையுங்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் சூடு போதாது. வாய் திறந்து மூச்சு வாங்கி விலகி நின்றால் சூடு அதிகம்.

நிலத்தில் 2 அங்குலத்துக்கு உமி பரப்புங்கள். நனைந்த உமியை அன்றே மாற்றுங்கள். ஈரத்தில்தான் இரத்தக் கழிச்சல் பெருகும். எச்சத்தில் இரத்தம் கண்டால் அந்தக் குஞ்சைப் பிரித்து வைத்து, உடனே அரச கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். ராணிக்கெட் வந்த பின் குணமாக்க மருந்து இல்லை. முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அதற்கான திகதியையும் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

செத்த குஞ்சைக் கிணற்றடியிலோ பற்றையிலோ எறியாதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்ட நிலத்தில் மட்டும் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.