மைனஸ் வரவே வராதுன்னு கம்பைலர்கிட்ட சொன்னேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன். ஒரே ஒரு வரி கோடு. அது வெளிய வந்து, யாரோ ஒருத்தரோட தூக்கத்தை ரெண்டு மாசம் கெடுத்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பிரியாணி.

ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் போடறீங்க. ஆப்ல '25 – 35 நிமிடம்'னு காட்டுது. அதையே '5 நிமிடத்திலிருந்து 5 மணி நேரத்துக்குள்'னு காட்டியிருந்தா? அது பொய் இல்ல, ஆனா உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. '28 – 30'னு காட்டினா சூப்பர், அதுக்குள்ள ஒரு குளியல் போட்டுட்டு வந்துடலாம். ஆனா 20-வது நிமிஷமே டெலிவரி அண்ணா வாசல்ல பெல் அடிச்சா, நீங்க உள்ள சோப்போட நிக்கறீங்க.

கம்பைலருக்குள்ள இருக்கற ஆப்டிமைசர் நாள் முழுக்க இந்த வேலையத்தான் பார்க்குது. உங்க புரோகிராம்ல இருக்கற ஒவ்வொரு வேரியபிளுக்கும், 'இது குறைஞ்சது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு'ன்னு ஒரு எல்லை போட்டு வெச்சுக்கும். இதுக்குப் பேர் வேல்யூ ரேஞ்ச் அனாலிசிஸ். ஐடியா பழசு. 1977-லேயே வில்லியம் ஹாரிசன் இதைப் பத்திப் பேப்பர் எழுதிட்டார். அதே வருஷம் பிரான்ஸ்ல பாட்ரிக் கூஸோ, ராதியா கூஸோன்னு ஒரு தம்பதி இதுக்கெல்லாம் அடிப்படையான கணிதத்தைப் போட்டுக் கொடுத்துட்டாங்க.

எப்படி எல்லை போடும்? நீங்க 'எக்ஸ் 10-ஐவிடக் குறைவா இருந்தா'ன்னு ஒரு இஃப் எழுதறீங்க. அந்த இஃப்-க்குள்ள எக்ஸ் அதிகபட்சம் 9. வெளிய வந்தா பழைய எல்லை திரும்ப வந்துடும். ரெண்டு பாதை ஒண்ணு சேர்ற இடத்துல, ரெண்டு எல்லையையும் சேர்த்து ஒரு பெரிய எல்லை. லூப் கொஞ்சம் தலைவலி. ஒவ்வொரு சுத்துக்கும் எல்லை பெருசாகிட்டே போகும்ல, அதனால ஒரு கட்டத்துல 'போதும், அதிகபட்சம் எவ்வளவு வேணா இருக்கலாம்'னு அகலமாக்கி நிறுத்திடுவாங்க. கூஸோ தம்பதி சொன்ன வழிகள்ல அதுவும் ஒண்ணு.

இதனால என்ன லாபம்? ஜாவா மாதிரி மொழிகள்ல, அரேல ஒரு இடத்தைத் தொடும்போதெல்லாம் 'இண்டெக்ஸ் உள்ளதான் இருக்கா'ன்னு ஒரு செக் நடக்கும். பவுண்ட்ஸ் செக். ஒரு தடவைன்னா ஒண்ணுமில்ல. லூப்புக்குள்ள கோடிக்கணக்குல நடக்கும்போது உறைக்கும். அரேல 100 இடம் இருக்கு, இண்டெக்ஸ் 0-லிருந்து 99-க்குள்ளதான்னு கம்பைலர் நிரூபிச்சுட்டா, அந்தச் செக்கையே தூக்கிடலாம். புரோகிராம் வேகமா ஓடும்.

ஆக, இந்த அனாலிசிஸை 'இம்ப்ரூவ் பண்றது'ன்னா எல்லைகளை இன்னும் இறுக்கறது. நான் பண்ணினதும் அதுதான்.

ஒரு கம்பெனியில, பேர் வேண்டாம், கம்பைலர் டீம்ல இருந்தேன். ஜாவா மாதிரியே விதிகள் இருக்கற ஒரு மொழி. புரோகிராம் ஓடும்போதே மெஷின் கோடா மாத்தற கம்பைலர். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. பெஞ்ச்மார்க்ல ஒரு ஹாஷ் டேபிள் கோடு மெதுவா ஓடிட்டு இருந்துச்சு. உள்ள போய்ப் பார்த்தா எல்லாரும் எழுதற அதே பேட்டர்ன். ஹாஷ் எண்ணை எடு, அது மைனஸா இருக்கலாம், அதனால ஆப்ஸல்யூட் வேல்யூ எடு, 100-ஆல வகுத்து மீதியை எடு, அதுதான் இண்டெக்ஸ். அரே சைஸ் 100. மனுஷங்க பார்த்தாலே தெரியும், இண்டெக்ஸ் 0-லிருந்து 99. ஆனா கம்பைலருக்குத் தெரியல. ஏன்னா ஆப்ஸல்யூட் வேல்யூவுக்குன்னு ரேஞ்ச் விதியே யாரும் எழுதல.

எழுதினேன். 'ஆப்ஸ் எதைக் கொடுத்தாலும் விடை 0 அல்லது அதுக்கு மேல.' ஒரே வரி. செக் பறந்துடுச்சு, பெஞ்ச்மார்க் பச்சையாச்சு. எனக்கு ஒரே குஷி.

ரிவ்யூக்கு எங்க டீம் சீனியர்கிட்ட போச்சு. நான் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவேன். அவங்க போட்ட கமெண்ட் ரெண்டே வார்த்தை: 'எல்லா எண்ணுக்குமா?' நான் பதிலுக்கு, 'ஆப்ஸ் தானே அக்கா, மைனஸ் எப்படி வரும்? சி கம்பைலர்ஸ்லயும் இப்படித்தான் வெச்சிருக்காங்க'ன்னு போட்டேன். ஒரு ஸ்மைலி வேற. அவங்க அன்னைக்கு வேற ரிலீஸ் வேலையில இருந்தாங்க. அப்ரூவ் பண்ணிட்டாங்க.

இப்போ நீங்க சொல்லுங்க, ஆப்ஸ் மைனஸ் தருமா?

தரும். ஒரே ஒரு எண்ணுக்குத் தரும். 32 பிட்ல மைனஸ் பக்கம் கடைசி எண் −2147483648. பிளஸ் பக்கம் கடைசி 2147483647. ஒண்ணு கம்மி. ஏன்னா பிளஸ் பக்கம் இருக்கவேண்டிய ஒரு சீட்டை சைபர் எடுத்துக்குச்சு. அதனால −2147483648-ஐ பிளஸ் ஆக்கினா அதுக்கு உட்கார இடம் கிடையாது. சுத்தி வந்து அதே −2147483648-லயே விழும். ஜாவாவோட ஆவணத்துலேயே இது எழுதியிருக்கு. நான்தான் படிக்கல.

அப்போ சி கம்பைலர்? அங்க கதை வேற. சி மொழியில இந்த ஒரு எண்ணுக்கு ஆப்ஸ் கூப்பிடறதே விதிக்கு வெளிய. அப்படிக் கூப்பிட மாட்டீங்கன்னு கம்பைலர் எடுத்துக்கலாம், அதுக்கு உரிமை இருக்கு. ஜாவா மாதிரி மொழியில அந்த உரிமை கிடையாது, அங்க விடை என்னன்னு தெளிவா எழுதி வெச்சிருக்கு. எல்எல்விஎம்ல ஆப்ஸுக்குன்னு இருக்கற கட்டளையிலேயே இதுக்கு ஒரு தனி சுவிட்ச் உண்டு, அந்தக் கடைசி எண் வரலாமா கூடாதான்னு. நான் ஒரு வீட்டுச் சாவியை எடுத்துட்டு வந்து இன்னொரு வீட்டைத் திறந்திருக்கேன்.

சரி, டெஸ்ட் ஏன் பிடிக்கல? இந்த இடம் எனக்கு இப்பவும் கடுப்பு. அந்த மோசமான எண்ணுக்கே எங்ககிட்ட ஒரு டெஸ்ட் இருந்துச்சு. ஆனா டெஸ்ட்ல ஹாஷ் டேபிள் சைஸ் 16. −2147483648-ஐ 16-ஆல வகுத்தா மீதி 0. அழகா வகுபடும், ஏன்னா அது 2-இன் அடுக்கு. இண்டெக்ஸ் 0, எல்லாம் சரி, டெஸ்ட் பாஸ். சைஸ் 100-னா மீதி −48. அரே ஆரம்பிக்கறதுக்கு 48 இடம் முன்னாடி இருக்கற, சம்பந்தமே இல்லாத மெமரி.

ரிலீஸ் ஆச்சு. ஒரு கஸ்டமர்கிட்ட ரிப்போர்ட் போடற ஒரு சர்வீஸ், ஒரு நாளைக்குச் சுமார் பத்துக் கோடி ஹாஷ் போடும். 32 பிட்ல மொத்தம் 429 கோடி எண்கள். அந்த ஒரு எண் தற்செயலா வர, சராசரியா 43 நாள் ஆகும். அவங்க நிறைய சர்வர்ல ஓட்டினாங்க. அதனால வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு நடுராத்திரி விழும். சில சமயம் விழக்கூட விழாது, ரிப்போர்ட்ல ஒரு வரி சம்பந்தமில்லாம மாறியிருக்கும். அது இன்னும் மோசம்.

அங்க ராத்திரி டூட்டியில இருந்த பையனுக்கு என் வயசுதான். 'உன் கோடுலதான் ஏதோ'ன்னு அவங்க மேனேஜர் சொல்லியிருக்கார். இல்லன்னு இவன் சொல்லியிருக்கான். ராம் கெட்டுப்போச்சுன்னு சர்வர்ல ராம் மாத்தியிருக்காங்க. ரெண்டு மாசம். கடைசியில அவனே கிராஷ் டம்ப்பைப் பிரிச்சு, ரெஜிஸ்டர்ல −48 இருக்கறதைப் பார்த்துட்டு எங்களுக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: 'என் கோடுல இந்த எண் வர முடியாது, வந்தா எக்ஸெப்ஷன் வரணும், அது ஏன் வரல?'

சரியான கேள்வி. எக்ஸெப்ஷன் வராததுக்குக் காரணம், அந்தச் செக்கை நான் தூக்கிட்டேன்.

இங்க ஒண்ணு கவனிங்க. எல்லையை அகலமா போட்டா புரோகிராம் மெதுவா ஓடும், யாரும் சாக மாட்டாங்க. ஒரு எண் அளவுக்குக் கூடுதலா இறுக்கிட்டா, புரோகிராம் தப்பா ஓடும். ரெண்டு தப்பும் சமம் இல்ல. ஆனா பெஞ்ச்மார்க் போர்டுல தெரியறது முதல் தப்பு மட்டும்தான்.

நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சு நொந்துட்டு இருந்தப்போ, அக்கா ஒரு கதை சொன்னாங்க. குரோம் பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்டை ஓட்டறது வி8. அதுல எக்ஸ்பிஎம்1-னு ஒரு கணிதச் செயல்பாடு, e-இன் அடுக்கு எக்ஸ், கழித்தல் 1. அதோட விடை 'சாதாரண எண், இல்லன்னா எண்ணே இல்லாத நான்'னு வி8-இன் ஆப்டிமைசர் குறிச்சு வெச்சிருந்தது. விட்டுப்போனது ஒண்ணே ஒண்ணு: மைனஸ் சைபர். ஆமா, கம்ப்யூட்டர்ல மைனஸ் சைபர்னு தனியா ஒண்ணு இருக்கு. எக்ஸ்பிஎம்1-க்கு மைனஸ் சைபர் கொடுத்தா மைனஸ் சைபர்தான் வரும்.

இதுல என்ன ஆபத்துன்னு கேட்டா, சங்கிலி மாதிரி போகுது. 'விடை மைனஸ் சைபரா?'ன்னு கேட்டா, எப்பவும் இல்லைன்னு கம்பைலர் நம்புது. இல்லைன்னா எண் கணக்குல 0. 0-வை எதால பெருக்கினாலும் 0. அதை இண்டெக்ஸா கொடுத்தா 0 எப்பவும் அரேக்குள்ளதான், செக் வேண்டாம். நிஜத்துல விடை ஆமா, அதாவது 1. அதை ஒரு பெரிய எண்ணால பெருக்கினா அரேயைத் தாண்டி எங்கேயோ போயிடலாம். கம்பைலர் இதை முன்கூட்டியே கண்டுபிடிச்சு மடக்கிடாம இருக்க, கொஞ்சம் சுத்தி வளைச்சு எழுதணும், அவ்வளவுதான். 2018 டிசம்பர்ல ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல நடந்த 35-வது கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ்ல, ஹேக்கிங் போட்டியில இதையே ஒரு கேள்வியா வெச்சாங்க.

என் கஸ்டமருக்கு அந்த எண் தற்செயலா வந்துச்சு. பிரவுசர்ல அப்படி இல்ல, புரோகிராமை எழுதறதே தாக்கறவன். ஒரு எண் விட்டுப்போனாலும் அவன் தேடி எடுத்துட்டு வருவான். இதே மாதிரி ஓட்டைகள் திரும்பத் திரும்ப வந்ததால, 2019-ல வி8 டீம் ஒரு முடிவு எடுத்தாங்க: இண்டெக்ஸ் உள்ளதான்னு எல்லைக் கணக்கு சொன்னாலும், பவுண்ட்ஸ் செக்கைத் தூக்கறது இல்ல. இருக்கட்டும், தப்பா போனா அங்கேயே நிக்கட்டும். சம்பாதிச்ச வேகத்துல கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. முதல்ல எனக்கு இது தோல்வி மாதிரி தெரிஞ்சுது. இப்போ அப்படித் தோணல.

என் பேட்ச்சுக்கு வருவோம். சரியான விதி என்ன? விடை 0-லிருந்து 2147483647 வரை, கூட அந்த ஒரு −2147483648. ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லைன்னு மட்டும் எழுத முடிஞ்சா இது கையை விட்டுப் போயிடும், ரெண்டையும் அடக்கினா எல்லா எண்ணும் உள்ள வந்துடும். இதுக்கு ரெண்டு வழி பார்த்தோம். ஜிசிசியில ரேஞ்சர்னு ஒரு அமைப்பு இருக்கு, அது ஒரு எல்லைக்குப் பதிலா பல துண்டுகளா வெச்சுக்கும். எல்எல்விஎம் எண்களைக் கடிகாரம் மாதிரி வட்டமா பார்க்கும். 12-க்கு அப்புறம் 1 வர்ற மாதிரி, 2147483647-க்கு அடுத்த சீட் −2147483648. வட்டத்துல பார்த்தா நம்ம விடை ஒரே துண்டு! எங்க கம்பைலர்ல ரெண்டாவது வழிதான் ஒட்டினது.

அப்புறம் டெஸ்ட். 32 பிட்ல எல்லா எல்லையையும் சோதிக்க முடியாது. ஆனா விதி 32 பிட்டுக்குச் சரின்னா 4 பிட்டுக்கும் சரியா இருக்கணும். 4 பிட்ல −8-லிருந்து 7 வரை 16 எண்தான். சுத்தி வராத எல்லைகள் மொத்தம் 136. ஒவ்வொண்ணுக்குள்ள இருக்கற ஒவ்வொரு எண்ணையும் நிஜமா கணக்குப் போட்டு, விதி சொன்ன எல்லைக்குள்ள வருதான்னு பார்க்கலாம். எல்எல்விஎம்லயும் இதுக்கான டெஸ்ட் இப்படித்தான் எழுதியிருக்காங்க. என் பழைய ஒரு வரியை அதுல போட்டேன். கண் சிமிட்டற நேரத்துல சிவப்பு. −8-க்கு ஆப்ஸ் −8.

புது விதியில அந்த ஹாஷ் பேட்டர்னுக்கு பவுண்ட்ஸ் செக் போகல. போகவும் கூடாது, ஏன்னா −48 நிஜமாவே வரலாம். பெஞ்ச்மார்க் பழைய நிலைக்கே வந்துடுச்சு. உங்க கோடுல இந்த ஆப்ஸ், மீதி ஜோடி இருந்தா, ஜாவான்னா ஃப்ளோர்மாட் போடுங்க, இல்லன்னா மேல் பிட்டை அழிச்சுட்டு மீதி எடுங்க. அப்போ மைனஸ் நிஜமாவே வராது, கம்பைலரும் தைரியமா செக்கைத் தூக்கலாம். பைத்தான்காரங்க நிம்மதியா தூங்குங்க, உங்க எண்ணுக்குக் கடைசி சீட்டே கிடையாது.

அந்தப் பையனுக்கு நானே மெயில் எழுதினேன். தப்பு எங்க, யார் பண்ணினது, எந்தத் தேதியில, எல்லாம் போட்டு, அவங்க மேனேஜரையும் சேர்த்து அனுப்பினேன். அக்காகிட்ட காட்டினப்போ அந்த ஸ்மைலியைப் பத்தி மட்டும் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. பையன்கிட்ட இருந்து மறுநாள் பதில் வந்துச்சு: 'நன்றி. இப்போ ராம்-ஐ திரும்ப மாத்தணுமா?'

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.